வசந்தி மிஸ் எழுதாத வியாதி

எட்டாம் வகுப்புக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது என் கைப்பையில் போன் அதிர்ந்தது. இரண்டாம் பீரியட். எடுத்துப் பார்த்தேன். வசந்தி மிஸ்ஸின் கணவர் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய ஒரு வரிச் செய்தி. மிஸ் காலை ஆறு மணிக்கு இறந்துபோனாராம். பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்க இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தேன். ஒரு பெண் கூடுதல் தாள் கேட்டாள், கொடுத்தேன்.

அவரிடம் கணக்குப் படித்தவர்களும் அவரோடு ஸ்டாஃப் ரூமில் டப்பா பிரித்துச் சாப்பிட்டவர்களும் இதைப் படிப்பீர்கள். அவர் நல்லவர் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அவரைப் பற்றிக் கோபப்படாமல் எழுத வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அஜ்மானில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். அவர் நான்காம் மாடி, நான் இரண்டாம் மாடி. காலை ஐந்தே முக்காலுக்கு துபாய் கிளம்பும் ஸ்டாஃப் பஸ்ஸில் ஏழு வருடம் பக்கத்துப் பக்கத்து சீட். அவர் கணவர் துபாய் அல் கூஸில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். மகள் கோவையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஃபீஸுக்காகத்தான் இரண்டு பேரும் இங்கே இருந்தார்கள். பஸ்ஸில் எல்லாரும் தூங்க, இவர் மட்டும் மடியில் விடைத்தாளை வைத்துத் திருத்துவார். விடை சரியாக இருந்தாலும் நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருந்தால் மார்க் குறைப்பார். "பாவம் மிஸ், விடை சரிதானே" என்று ஒருமுறை சொன்னேன். "எப்படி வந்துச்சுன்னு காட்டாத விடைய நான் எப்படிக் கண்ணு நம்பறது?" என்றார். இந்த வாக்கியத்தை அவர் வகுப்பில் உட்கார்ந்த எல்லாரும் கேட்டிருப்பீர்கள்.

கட்டட வேலைகள் ஒவ்வொன்றாக நின்று, குடும்பங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த வருடம் அது. ஆபீஸ் ஜன்னலில் டி.சி. வாங்க வரிசை நின்றது. செலவைக் குறைக்க வேண்டும் என்று பள்ளி எங்கள் மருத்துவக் காப்பீட்டை மாற்றியது. ஒரு வியாழக்கிழமை மதியம் எல்லாரையும் கூப்பிட்டு, பொன் நிறத்தில் பளபளக்கும் புது அட்டையைக் கொடுத்தார்கள். எல்லாம் முன்போலத்தான், அட்டையின் நிறம்தான் மாறியிருக்கிறது என்றார் நிர்வாக மேலாளர். பெரிய பெரிய மருத்துவமனைப் பெயராக நாலைந்து படித்துக் காட்டினார். படித்துப் புரிந்துகொண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாள் சுற்றில் வந்தது.

வசந்தி மிஸ் மட்டும் எழுந்தார். "இருக்கிறதெல்லாம் சொல்லிட்டீங்க சார். எடுத்துட்டது எது எதுன்னு சொல்லுங்க" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பட்டியல் பின்னால் வரும் என்றார் அவர். "அது வந்தப்புறம் கையெழுத்துப் போடறோமே" என்றார் இவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "உக்காருங்க மிஸ், பஸ் போயிரும்." அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அன்றைக்கே அந்தப் பட்டியல் மேலாளரின் மேஜை இழுப்பறையில் இருந்ததாம். ஆபீஸில் அட்டை வேலை பார்க்கும் பெண் பிறகு சொன்னாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இப்படி முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

எடுத்தது எது என்பது சீக்கிரமே தெரிந்தது. எங்கள் கட்டடத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த மருத்துவமனை பட்டியலில் இல்லை. அங்கே போனால் முழுப் பணத்தையும் நாம் கட்டிவிட்டு ரசீதோடு விண்ணப்பிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து ஒரு பகுதி வந்தாலும் வரும், வராமலும் போகும். மேலாளர் படித்த பெரிய பெயர்கள் அவசர சிகிச்சைக்கு மட்டும்தானாம். மற்றதற்கெல்லாம் பட்டியலில் மிஞ்சியது ஷார்ஜாவில் ஸ்கேன் வசதிகூட இல்லாத ஒரு சின்ன கிளினிக். அங்கேயும் ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் நம் பங்காக முதலில் கட்ட வேண்டிய தொகை, டிடக்டபிள் என்பார்கள், இருபது திர்ஹாமிலிருந்து எழுபத்தைந்து ஆகிவிட்டது.

அதற்கு வசந்தி மிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். வியாதிகளைச் சேர்த்துவைப்பது. ஸ்டாஃப் ரூமில் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு துண்டுத்தாள் ஒட்டினார். ஒன்று, முழங்கால். இரண்டு, கண் எரிச்சல். மூன்றுக்கு நேரே காலி. "மூணு சேரட்டும், ஒரே எழுபத்தஞ்சுல முடிச்சுட்டு வந்துரலாம்." யாராவது தும்மினால், "மிஸ், இதை வேணா மூணாவதா எழுதிக்கோங்க" என்று கிண்டல் செய்வோம். கிளினிக் டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு தொந்தரவுதான் பார்ப்பேன் என்று சொல்லிப் பார்த்தாராம். இவர் நகராமல் உட்கார்ந்து மூன்றுக்கும் மருந்து வாங்கிவந்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு மாதத்துக்குள் ஸ்டாஃப் ரூமில் ஆறு அலமாரிகளில் அப்படித் தாள் ஒட்டியிருந்தது. என் அலமாரியிலும்தான்.

அந்த அக்டோபரில் ஒரு மாலை மாடிப்படியில் அவரைப் பார்த்தேன். நல்ல சேலை கட்டியிருந்தார், முகம் வெளிறியிருந்தது. "ரோட்டுக்கு அக்கட்டத்தான ஆஸ்பத்திரி இருக்குது, கேட்டுப் பாக்கலாமேன்னு போனேன் கண்ணு. அந்த ரிசப்ஷன் பொண்ணு கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இது இங்க எடுக்காது மேடம்னுட்டா" என்று சிரித்தார். எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன். "காது. சும்மா குடையுது." மறுநாள் அலமாரியில் ஒட்டியிருந்த புதுத் தாளில் மூன்றாவதாகக் காது என்று எழுதியிருந்தார்.

பிறகு எப்போது கேட்டாலும், "இருக்கட்டும், ஜூலைல ஊருக்குப் போறப்பப் பாத்துக்கலாம்" என்பார். இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இங்கே இருக்கிற நாம் எல்லாருமே அப்படித்தானே? பல்லாக இருந்தாலும் கர்ப்பப்பையாக இருந்தாலும் வெக்கேஷன் வரைக்கும் பொறுத்திருக்கச் சொல்லுவோம். ஜூலையில் போனார். செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அவர் வரவில்லை. முழங்காலுக்கு ஆயுர்வேத சிகிச்சை, இரண்டு மாதம் ஆகும் என்று மெயில் வந்தது. நாங்கள் நம்பினோம்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை போன் கார்டு வாங்கிக் கூப்பிட்டேன். குரல் நூலாகப் போயிருந்தது.

"அன்னிக்கு நான் காதுக்குப் போகலை கண்ணு" என்றார்.

"வேற எதுக்கு?"

"மாருல ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவுதான் இருந்துச்சு. அந்த கார்டை எடுத்துருந்தா அன்னிக்கே பாத்திருப்பாங்க. கைக்காசு கட்டுனா எவ்வளவு ஆகும்னு கேட்டேன். பரிசோதனைக்கே ஒரு செமஸ்டர் ஃபீஸ் ஆயிரும்போல. ஜூலைக்கு ஒம்பது மாசந்தானேன்னு வந்துட்டேன்."

"என்கிட்ட ஏன் மிஸ் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ உன்ற வளையலைக் கழட்டிருப்பே."

கழற்றியிருப்பேன்தான். அதைத் தெரிந்துகொண்டுதான் மறைத்தார். தும்மலைக்கூட எங்களிடம் சொல்லிச் சிரிக்கவைத்தவர், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். ஒரு வரி விட்டால் மார்க் குறைக்கிறவர் எனக்கு இதைச் செய்யலாமா? ஏழு வருடம் ஒரே சீட்டில் தோளோடு தோள் உரசி வந்திருக்கிறேன். பள்ளி என்னை ஏமாற்றியதைவிட இது எனக்கு அதிகமாக வலித்தது. போனில் அழுதுகொண்டே அவரைத் திட்டினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "உனக்கு நாப்பது தாண்டிருச்சு. எதுத்தாப்பலதான ஆஸ்பத்திரி? நாளைக்கே போய்ப் பாத்துரு. ஜூலைக்கு வெக்காத" என்றார். சரி என்றேன்.

போகவில்லை. அரையாண்டுத் தேர்வு, பிறகு வாடகைக் காசோலை, பிறகு என் மகனுக்குக் கண்ணாடி. ஜனவரியில் அவர்தான் கேட்டார், "போனியா?" என்று. "போனேன் மிஸ், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்றேன். "அப்பாடா" என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அவரைப் பொய் சொன்னார் என்று திட்டியவள் நான்.

போன வாரம் பள்ளி அரங்கில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். உங்களில் சிலர் இருந்தீர்கள். அதே மேலாளர் மேடையேறினார். இங்கே வேலை பார்த்த பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட மருத்துவ விடுப்பு எடுக்காதவர், காப்பீட்டில் ஒரு பெரிய தொகைகூடக் கேட்காதவர், நிறுவனத்துக்கு ஒருபோதும் பாரமாக இல்லாதவர் என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து கேட்கவில்லை. என் விசாவும் அவர் கையில்தான் இருக்கிறது. அங்கே கேட்காததை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு சாலையைக் கடந்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண் என் அட்டையைப் பார்த்துவிட்டு, இது இங்கே எடுக்காது மேடம் என்றாள். தெரியும், பணம் கட்டுகிறேன் என்றேன். மார்பைப் படம் எடுத்தார்கள். ஒரு டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்து மணியைப் பார்த்தேன். உள்ளே போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மருத்துவமனை வாசலில் நின்று வாய்விட்டு அழுதேன். செக்யூரிட்டி ஓடிவந்து, ரிப்போர்ட் மோசமா சகோதரி என்று இந்தியில் கேட்டார். இல்லை, நல்லாத்தான் இருக்கு என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

வசந்தி மிஸ்ஸிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு மணி நேரம். அது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது.