இறங்குதுறையில் இருபது மீற்றர்

மார்ச் 14, சனிக்கிழமை, காலை 5.40. கந்தளாய் பஸ் நிலையம். ஒன்பது பேரின் நடையைப் பதிவுசெய்தாயிற்று. பத்தாவது ஆள் திருகோணமலையில்.

பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்கு நடக்கும்போதே பாதம் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. ஏன் என்று ஆராய எங்கள் குழு நிதி கேட்டிருக்கிறது. பத்துப் பேரின் பதிவு இருந்தால்தான் நிதிக் குழு விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்கும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நான் மின்னணுப் பொறியியல் படித்தவன். கணுக்காலில் கட்டும் உணரி என் பொறுப்பு.

நாற்பது கிலோமீற்றர், நூற்றைம்பது ரூபா, ஒரு மணி பத்து நிமிடம். அங்கிருந்து துறைமுகப் பக்கம் போக ஓட்டோவுக்கு முந்நூறு. சாரதியிடம் பத்தாவது ஆளான அருளப்பு அண்ணனின் வீடு எங்கே என்று கேட்டேன்.

"போட் இஞ்சின் திருத்தினவரோ? காலில வருத்தம் எண்டு கதைக்கினம். இறங்குதுறையில பாத்தா ஓட்டப்பந்தயத்துக்கே விடலாம்."

அருளப்பு அண்ணனுக்கு ஐம்பத்தொரு வயது. பதிவெடுக்க இறங்குதுறையைத் தெரிவுசெய்தது நான்தான்: நேராக இருபது மீற்றர், குறுக்கே ஆள் வராது. பலகைகளின் மேல் மூன்று தரம் நடந்தார். ஓரிடத்திலும் நிற்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணை, கருவி ஒண்டும் காட்டேல்ல. உண்மையா உங்களுக்குக் கால் ஒட்டுதோ?"

அவரோடு வந்திருந்த மனைவி ரெஜினா அக்காதான் பேசினார். "நீங்களும் கேட்டிட்டீங்களோ? நடிக்கிறார் எண்டுதான் முதலாளி வேலையால நிப்பாட்டினவர். வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

அது அழைப்பில்லை, உத்தரவு. உணரியைக் கழற்றாமலே போனோம்.

வீட்டில் வழுவழுப்பான சிவப்புச் சீமெந்துத் தரை. குசினி வாசலில், அடுப்படிக்குள் கால் வைக்குமுன், அண்ணன் நின்றுவிட்டார். உடம்பு முன்னே சாய்கிறது, பாதம் வரவில்லை. பதினெட்டு விநாடி. நான் உணரியின் பதிவு ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சின் ஓடுது தம்பி. கியர்தான் விழுதில்லை," என்றார் அவர்.

"ஆஸ்பத்திரியில மாபிள் கல்லுக்கு இடையில இருக்கிற கோடுகளைத் தாண்டித் தாண்டி விறுவிறெண்டு நடப்பார்," என்றார் அக்கா. "டொக்ரர் இதைக் கண்டதே இல்லை."

கோடுகள். குறுக்குக் கோடு தெரிந்தால் இந்தக் கால்கள் அதைத் தாண்டிவிடும். படித்திருக்கிறேன், படித்துவிட்டுத்தான் குறுக்கே பலகை அடித்த இறங்குதுறையில் நடக்கவிட்டிருக்கிறேன். நாலு விறகுக் குச்சிகளைத் தரையில் குறுக்கே போட்டேன். நடந்தார். எடுத்தேன். நின்றார்.

மற்ற ஒன்பது பேரையும் அதே கோடுகளோடு மாபிள் பதித்த ஆஸ்பத்திரி நடைபாதையில்தான் நடக்கவிட்டிருந்தேன். வெள்ளிக்குள் எல்லோரையும் திரும்ப எடுக்க ஏலாது.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "தேத்தண்ணி ஆறுது," என்றார். பிறகு, "காசு தாறவைக்கு இதைக் காட்டுவீங்களோ?"

"ஓம்."

"முதலாளிக்கும் ஒண்டு வேணும். திரும்ப வேலை தர வேண்டாம். கள்ளன் எண்டு சொல்லாமல் விடட்டும்."

இப்படிப் பதிவெடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ஓட்டோக் கூலியை ஏறுமுன் பேசுங்கள். நோய்க்கான குளிசையை எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள், அதைப் பொறுத்து நடை மாறும். உங்களுக்கு வசதியான இடத்தில் அளக்காதீர்கள். அவர்கள் தடுக்கி நிற்கும் இடத்துக்குப் போங்கள்.

நான் இனிச் செய்யப்போவது:

1. பதிவின் பிரதியை, எங்கள் மருத்துவரின் விளக்கக் கடிதத்தோடு, திங்களே அண்ணனுக்கு அனுப்புவேன்.
2. மற்ற ஒன்பது பேரின் வீடுகளுக்கும் போவேன், குசினி வாசல் வரை.
3. வெள்ளிக்கிழமை நிதிக் குழுவுக்கு எழுதுவேன்: ஒன்பது பதிவுகளை நம்ப வேண்டாம், பிழை என்னுடையது. நல்ல பதிவு ஒன்றுதான் இருக்கிறது. அதை வைத்தே கேட்கிறோம்.