ஆரத்தித் தண்ணீர்

பெரியப்பா ஒரு பழைய வெளிநாட்டுக் கார் வாங்கினார். அதில் கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறிக்கொள்ளும். இடது காலுக்கு வேலையே இல்லாத வண்டியைப் பார்க்கத் திருநெல்வேலி டவுனில் எங்கள் தெருவே திரண்டு வந்தது. பெரியம்மா ஆரத்தி சுற்றி முன்சக்கரத்தின் ஓரம் கொட்டினாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கையான என் அத்தை ஆழ்வார்குறிச்சியில் வாக்கப்பட்டிருந்தாள். ஆடிக்கு வந்தவள் ஐப்பசியாகியும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. முழங்கைக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது. கஞ்சி வடிக்கும்போது பட்டுவிட்டது என்றாள். கஞ்சி அவ்வளவு உயரத்தில் எப்படிப் படும் என்று கேட்கிற அளவுக்கு எனக்கு மூளை வளர்ந்திருக்கவில்லை. வீட்டிலிருந்த பெரியவர்களுக்கும்தான்.

பஸ்ஸில் கொண்டுபோய் விட்டால் அந்த வீட்டார் இளக்காரமாகப் பார்ப்பார்கள், காரில்தான் விட வேண்டும் என்பது பெரியப்பாவின் முடிவு. இரண்டு முறை கிளம்பினோம். இரண்டு முறையும் பேட்டை ரயில்வே கேட் மேட்டில் இஞ்சின் ஊரைக் கூட்டியது, வண்டி மட்டும் நகரவில்லை. கண் பட்டுவிட்டது என்று பெரியம்மா இன்னொரு ஆரத்தி சுற்றினாள். அத்தை அன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தோசை சுட்டாள்.

வாசல் தெளிப்பது அத்தையின் வேலை. ஒருநாள் நான் சீக்கிரம் எழுந்துவிட்டேன். அவள் காருக்கு அடியில் கையை நீட்டி, சாம்பல் போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பாக ஏதோ கிடந்தது.

“ஆரத்தித் தண்ணிட்டி. போய்ப் பல்லைத் தேயி” என்றாள்.

ஆரத்தி சுற்றாத நாட்களிலும் அது கிடந்தது.

பேட்டையிலிருந்து மெக்கானிக் வந்தார். கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும் என்று ஆரம்பித்தவர், மிதிக்க கிளட்சே இல்லை என்று கண்டதும் தலையைச் சொறிந்தார். இஞ்சின் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார், அளவு சரியாக இருந்தது. குனிந்து தரையைப் பார்த்தார், சுத்தமாக இருந்தது.

“ஒழுக்கு ஒண்ணும் இல்ல, அண்ணாச்சி. அப்பம் கியர் பொட்டிக்கு உள்ளதான் கோளாறு. கழத்தி மெட்ராஸுக்கு அனுப்பணும். மூணு மாசமாவது ஆவும்.”

பெரியப்பாவின் முகம் தொங்கிப்போனது. கதவோரம் நின்ற அத்தை கண்ணை மூடித் திறந்தாள். எனக்கோ, தெரிந்த விடையைச் சொல்லாமல் இருக்க முடியாத வியாதி.

“தெனமும் செவப்பா ஒழுகுதே! அத்தைதான் வெள்ளன கழுவி விடுதா.”

“செவப்பாவா? இஞ்சின் ஆயில் கறுப்பால்லா இருக்கும்!”

மெக்கானிக் மறுபடியும் பானெட்டுக்குள் தலையை விட்டார். பின்னால், அழுக்கு மூடி இன்னொரு கம்பி இருந்தது. உருவினால் நுனியில் ஈரமே இல்லை. கியர் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு, அது சிவப்பாக இருக்கும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது அன்றுதான். அடியில் ஆயில் கசியாமல் தடுக்கும் பாக்கிங் கிழிந்திருந்தது. அதை மாற்றிப் புது ஆயில் ஊற்ற இரண்டே நாள் ஆனது.

ஆரத்தித் தண்ணீர் என்று நினைத்துக் கழுவினாளாம் என்று எல்லோரும் அத்தையைக் கேலி செய்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

என் கெட்டிக்காரத்தனத்துக்குப் பரிசு முன்சீட்டு. கேட் மேட்டில் வண்டி சத்தமில்லாமல் ஏறியபோது நான் கைதட்டினேன். பின்சீட்டில் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். ஆழ்வார்குறிச்சியில் இறங்கியதும் என்னிடம் வந்து கன்னத்தைத் தடவினாள்.

“நல்லாப் படிக்கணும்ட்டி, என்ன?”

காரைச் சரிபண்ணிக் கொடுத்தவளிடம் எதற்குப் படிப்பைப் பற்றிப் பேசுகிறாள் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.