நான்கு சென்டிமீட்டர் முத்திரை

எங்கள் நகராட்சியில் தோன் அப்தோன் கிஸ்பெர்ட் பதினேழு வருடங்களாகப் பட்டியல் பிரிவின் தலைவர். அந்தப் பிரிவில் வேறு யாரும் இல்லாததால் அவருடைய தலைமையை யாரும் எதிர்த்ததில்லை. போன மார்ச்சில் நான் சேர்ந்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. இங்கே மரியாதைக்கு ஆண்களைத் தோன் என்பார்கள்; பட்டம் வாங்கியவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், லிசென்சியாதா என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களோ என்று இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

தோன் அப்தோன் தினமும் கணினித் திரையில் மர அளவுகோலை வைத்து, எக்செல் கட்டங்களை இழுத்துச் சரிசெய்வார். பெயருக்கு இரண்டரை சென்டிமீட்டர், அடையாள எண்ணுக்கு ஒன்றரை. காரணம் மேயரின் முத்திரை. அது பெயரின் முதல் எழுத்தையும் எண்ணின் கடைசி இலக்கத்தையும் ஒருசேரத் தொட்டால்தான் செல்லும். முத்திரையின் அகலம் நான்கு சென்டிமீட்டர்.

எங்கள் ஆட்களின் பெயர்களோ நீளமானவை. இரண்டரை சென்டிமீட்டரில் பாதி மனிதர்தான் அடங்குவார். எண் அடங்காவிட்டால் கணினி அந்த இடத்தில் வரிசையாக # போட்டுவிடும். அதனால் ஒவ்வொருவரும் ‘பட்டியலில் பாதியாக இருப்பவரும் நேரில் முழுதாக வந்திருப்பவரும் ஒரே ஆள்தான்’ என்று சான்றிதழ் வாங்க வேண்டும். அதையும் எழுதுபவர் தோன் அப்தோன்தான். அடையாள எண் என்ற இடத்தில் ஏழு #களை அழகான கையெழுத்தில் போடுவார்.

கட்டத்தின் ஓரக் கோட்டின் மேல் இரண்டு முறை சொடுக்கினால் கட்டம் தானாக விரியும். எனக்கு அது தெரியும். ஐந்து மாதம் சொல்லவில்லை. மரியாதையா, பயமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பயம்தான்.

ஆகஸ்டில் புதுச் சந்தையின் கடைப் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டது. பதினான்காம் கடை: நிசேஃபோரா சோக்கெவா, #######. வெள்ளிக்கிழமைக்குள் சாவி வாங்காவிட்டால் கடை கைவிட்டுப் போய்விடும். வெள்ளி காலை இரண்டு பேர் வந்தார்கள். பாவாடை தைக்கும் நிசேஃபோரா சோக்கெவாங்கா. உலர்ந்த உருளைக்கிழங்கு விற்கும் நிசேஃபோரா சோக்கெவாய்தா. இருவர் கையிலும் தோன் அப்தோன் எழுதிய சான்றிதழ்.

“ஒம்பது வருஷமா வெயில்லயும் பனியிலயும் தெருவுல உக்காந்து விக்கிறேன். மனு போட்டது நான்,” என்றார் பாவாடைக்காரர்.

“நானும்தான் போட்டேன். எனக்கும் ஏழு வேலிக் குறி இருக்கே, பாரு!” என்று மற்றவர் சான்றிதழை ஆட்டினார்.

தோன் அப்தோன் இரண்டையும் ஒப்பிட்டார். “ரெண்டும் செல்லும். அப்ப சட்டப்படி நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளு.”

“அப்ப என் புருசனையும் இவளே வச்சுக்கட்டும், தோன் அப்தோன்! எனக்குக் கடையை மட்டும் குடுங்க,” என்றார் பாவாடைக்காரர்.

நான் எழுந்து போய்ச் சொடுக்கினேன். கட்டங்கள் விரிந்தன. சோக்கெவாங்கா முழுதாக வந்தார், எண்ணோடு. சோக்கெவாய்தா திரையைப் பார்த்தார். “போ, உனக்குத்தான். கேட்டுப் பாத்தா தப்பா?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

தோன் அப்தோன் அச்சிட்ட தாளின் மேல் அளவுகோலை வைத்தார். முகம் வாடியது. “ஏழரை சென்டிமீட்டர். முத்திரை எட்டாது, லிசென்சியாதா. புது முத்திரைக்கு எழுதிப் போடலாம். ரெண்டு வருஷத்துல வந்துடும்.”

பல்கலைக்கழகத்தில் இதற்குப் பாடம் இல்லை.

“இங்க குடுங்க,” என்று நிசேஃபோரா தாளை வாங்கினார். பெயரின் முதல் எழுத்துக்கும் எண்ணின் கடைசி இலக்கத்துக்கும் நடுவே இருந்த தாளைக் கொசுவம் வைப்பதுபோல் இரண்டு மடிப்பாக மடித்து, நகத்தால் அழுத்தினார். முதல் எழுத்தும் கடைசி இலக்கமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. “இப்ப எட்டுதா?”

தோன் அப்தோன் அளந்தார். மறுபடியும் அளந்தார். முத்திரையைக் குத்தினார். தாளைப் பிரித்தபோது மேயரின் முத்திரை மூன்று துண்டாகக் கிடந்தது. ஆனால் இரண்டையும் தொட்டிருந்தது. சாவி கைமாறியது.

திங்களன்று கதவில் புதுப் பலகை: ‘பட்டியல் மற்றும் மடிப்புப் பிரிவு’. தலைவர் தோன் அப்தோன். மடிப்பது நான். சந்தையில் பதினான்காம் கடையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளிருந்து குரல் வருகிறது:

“லிசென்சியாதா, நேத்து சுவத்துல பாத்தேன். மடிப்பு ஒண்ணுபோல இல்ல. சாயங்காலம் வா, சொல்லித் தர்றேன்.”