சவுத்எண்டில் கம்போடிய வருசப்பிறப்பு

எண்பதுகளின் கடைசியில், அப்பப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பா அவருக்கு ஒரே மகன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராததால் லண்டனை விட்டு நகர ஏலாமல் இருந்தவர், கொள்ளி வைக்கப் போகவில்லை. ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் வைத்தார். எனக்கு அதில் விளங்கியது ஒன்றுதான்: வருசம் நிறைந்து ஆட்டைத் திவசம் முடியும்வரை எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, கோயில் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் நத்தார் தாத்தா தந்த பரிசுகளைப் பற்றி அளந்துகொண்டிருக்க, நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

சித்திரை வருசமும் இல்லையென்று ஆகியிருந்த வேளையில்தான் கீழ்வீட்டுக் கம்போடிய அன்ரி கதவைத் தட்டினார். அவர்களுக்கும் அதே நாட்களில்தான் வருசப்பிறப்பாம். வால்தம்ஸ்டோவில் இருந்த அவர்களுடைய ஆட்கள் வாடகை வான் பிடித்துச் சவுத்எண்ட் கடற்கரைக்குப் போகிறார்களாம், நாங்களும் வரவேண்டுமாம்.

“செத்த வீட்டுத் துடக்குக்காரர் கொண்டாட்டத்துக்குப் போறதோ?” என்றார் அப்பா.

“அது அவையின்ர வருசம். அதுக்கும் எங்கட துடக்குக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளை பாவமெல்லே” என்றார் அம்மா.

எந்தச் சாத்திரத்திலும் இல்லாத இந்த விதிவிலக்கை அம்மா எங்கிருந்து பிடித்தாரோ தெரியாது. கடலை மட்டும் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று.

போய் இறங்கினால் கடலைக் காணவில்லை. வற்றிய நேரம்; கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. கம்போடியர்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. குளிர்க்கோட்டுகளோடு பாய் விரித்து உட்கார்ந்து, அவித்த நண்டை உடைத்து, உப்பும் மிளகுத்தூளும் கரைத்த தேசிக்காய்ப்புளியில் தோய்த்துத் தின்றார்கள். முறுக்கிய சால்வையை, வட்டமாக இருந்து விளையாடியவர்களில் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். அகப்பட்ட முகத்திலெல்லாம் பவுடர் பூசினார்கள். வாசனைத் தண்ணீர் ஊற்றுவதும் வழக்கமாம். ஏப்ரல் குளிருக்குப் பயந்து அதைச் சுடுதண்ணிப் போத்தலில் கொண்டுவந்திருந்தார்கள். என் தலையில் அது வெதுவெதுப்பாக இறங்கியபோது எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. அப்பா மட்டும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓரமாக நின்றார்.

அன்ரி மணலைக் குவித்துச் சின்னச் சின்னக் கோபுரங்களாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஊதுபத்தி குத்தினார். ஊரில் என்றால் இதைக் கோயில் முற்றத்தில் கட்டுவார்களாம். அவர் கட்டிக்கொண்டே போனார். யாருக்கு இத்தனை என்று கேட்டேன். தன் அப்பாவுக்கு, அம்மாவுக்கு, தம்பிக்கு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். எல்லாரும் அவர்களுடைய நாட்டுச் சண்டைக் காலத்தில் செத்துப்போனவர்கள். அன்ரிக்கு இவ்வளவு சொந்தக்காரர் இருந்திருக்கிறார்களே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

“எல்லாம் செத்த ஆக்களுக்காம், அப்பா” என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

அப்பா சப்பாத்தைக் கழற்றினார். களிசான் கால்களை மடித்துவிட்டு, சேற்றுக்குக் கிட்டவாகப் போய்க் குந்தி, தனியாக ஒன்று கட்டத் தொடங்கினார். வீட்டில் குடித்த கோப்பையைக்கூட எடுத்துவைக்காத மனிதர், உள்ளங்கையால் தட்டித் தட்டி அதை அழுத்தமாக்கினார். அன்ரி ஓர் ஊதுபத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பின்னேரம் கடல் திரும்பி வந்தது. தண்ணீர் அப்பாவின் கோபுரத்தைத் தொட்டதும் நான் பதறிப்போய் மணலை அள்ளி அணை கட்டினேன். அது உடைய, இன்னொன்று கட்டினேன்.

“விடு பிள்ளை. போகட்டும்” என்றார் அப்பா.

கோபுரம் கரைந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றவர், உடுத்த உடுப்போடு கடலுக்குள் இறங்கித் தலை மறைய முழுகினார். எழும்பி, மறுபடியும் முழுகினார். நான் கைதட்டினேன். கால் நனைந்தாலே ஏசுகிற அம்மா, துவாயை விரித்துப் பிடித்தபடி கரையில் அழுதுகொண்டு நின்றார்.

தகப்பனுடைய சாம்பலைக் கடலில் கரைத்து முழுகுவது மகன் செய்யவேண்டிய காரியம் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. திரும்பி வரும்போது, நடுங்கிக்கொண்டிருந்த அப்பாவோடு வானுக்குள் ஒட்டிக்கொண்டு இருந்து, “இண்டைக்கு எல்லாரையும் விட நீங்கள்தான் நல்லா விளையாடினது, அப்பா” என்று மெச்சினேன்.

“ஓம், பிள்ளை” என்றார் அப்பா.