கண் வைக்காத செட்டியார்

என் ஆய்வகத்து அலமாரியில் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை ஒன்று இருக்கிறது. தொந்தியும் தலைப்பாகையுமாக ஒரு செட்டியார். கண் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் வெறும் வெள்ளை.

அது அத்தையுடையது. பொம்மைப் பட்டறையில் கண் எழுதுவது அவள் வேலை. சூளையிலிருந்து வந்து, மற்ற வண்ணமெல்லாம் முடிந்து, கடைசியில்தான் கண். அதுவரை அதைச் செட்டியார் என்றோ சாமி என்றோ அங்கே யாரும் சொல்லமாட்டார்கள், மண்ணு என்பார்கள். வளைகுடாவுக்குப் போன மாமாவிடமிருந்து போன் வருவது நின்ற வருடம், ஒரு செட்டியாரைக் கண் வைக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் மங்கலம்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். மாமாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். "அக்கா, அண்ணனப் பத்தி ஒரு சேதிங்க" என்றார்.

அத்தை கையை உயர்த்தினாள். "சொல்லாதீங்க தம்பி. சொல்லிட்டீங்கன்னா அவரு ஒரே எடத்துல போயி நின்னுடுவாரு. உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் குனிந்த தலை நிமிராமல் குடித்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருக்கிறாரா இல்லையா, ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். அன்றிலிருந்து மாமாவின் நாற்காலியில் யாருமே உட்காரவில்லை. உட்காராதே என்று அத்தை சொன்னதும் இல்லை. வருகிறவர்கள் தாமாகவே சுற்றிக்கொண்டு போனார்கள்.

இப்போது என் வேலை, கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள் ஒன்றைக் காற்றில்லாத கலத்துக்குள் லேசர் ஒளியால் மிதக்கவிடுவது. ஒளியை ஒரு கணம் அணைத்தால், அது ஒரே நேரத்தில் இங்கும் அங்கும் இருக்கமுடியும் என்கிறது குவாண்டம் இயற்பியல். கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் போச்சு, ஓரிடத்தில் நின்றுவிடும். இரண்டு இடத்திலும் இருக்கும்போது அதன் ஈர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கும்? அது இன்னும் யாருக்கும் தெரியாது. அதை நினைக்கும்போதெல்லாம் அந்த நாற்காலி ஞாபகம் வருகிறது.

அத்தை போனபிறகு பொம்மை என்னிடம் வந்தது. மங்கலம்பேட்டைக்காரரின் நம்பரும் என் போனில் இருக்கிறது. ஒருமுறைகூட அழைத்ததில்லை. சோதனைக்கு அறையை இருட்டாக்கும்முன் பொம்மையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பேன். கண்ணே இல்லையே என்று மாணவர்கள் சிரிப்பார்கள்.

நேற்று சோதனை முடிந்து விளக்கைப் போட்டபோது, செட்டியார் என் பக்கம் திரும்பியிருந்தார். கலத்துக் காற்றை உறிஞ்சும் பம்பின் அதிர்வாக இருக்கலாம். இருட்டில் யாராவது விளையாடியிருக்கலாம். ஒரு மாணவி என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"சொல்லாதம்மா" என்றேன். "வா, டீ குடிச்சிட்டு வரலாம்."