உப்பு போட்ட ஐஸ்

அப்போது ராயபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். மரபணுவில் விழும் சேதத்தைப் பழுதுபார்க்கும் ஒரு புரதத்தை முயலுக்கு ஊசியில் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து சீரம் எடுத்திருந்தோம். அந்தப் புரதம் எங்கிருந்தாலும் தேடிப் பிடித்துக்கொள்ளும் சீரம். முயல் செத்துவிட்டது. மிச்சம் ஒரே ஒரு கண்ணாடிக் குப்பி.

கத்திரி வெயிலில் காலையிலேயே கரண்ட் போனது. ஃபிரிட்ஜ் சூடாகிவிட, குப்பியோடு மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கு ஓடினேன். ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மாவை அதற்குமுன் பார்த்ததுகூட இல்லை.

"மருந்து மாதிரிம்மா. ஜில்லுனு இருக்கணும்" என்றேன்.

"நீ போ நைனா, நா பாத்துக்கறேன்."

மாலையில் கரண்ட் வந்ததும் போனேன். பெருமையோடு மூடியைத் திறந்தார்.

"வெளியூர் போற வஞ்சிரத்துக்குக்கூட இவ்ளோ உப்பு போட்டதில்ல. உப்பு போட்டாதான் ஐஸு இன்னும் ஜில்லுனு ஆவும்."

அந்தக் குளிரில் சீரம் உறைந்து, குப்பி வெடித்திருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் பிறகு ஐஸோடு உருகி, மீன் தண்ணீரில் கலந்துபோயிருந்தது.

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "பாட்டிலுதான ஒடஞ்சிது? மருந்து இதுலதான கீது? இரு நைனா."

முந்தானையில் வடிகட்டி, ஒரு சொட்டு சிந்தாமல் சோடா பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். "இப்ப சரியாப் பூடும்ல?"

"சரியாயிடும்மா."

கோபித்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்திருந்தால் எவ்வளவோ தேவலை. நான் தெருமுனை திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பிய பிறகும் அதைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. ஃபிரிட்ஜில் குப்பி இருந்த இடத்திலேயே அந்தச் சோடா பாட்டிலை வைத்து, கதவைச் சாத்தினேன்.