சாயம் போகாத பாவாடை

ஜப்பானில் இருந்தவள் என்று தெரிந்தால் எல்லோரும் பூவைப் பற்றியும் ரயிலைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்த ஊரை நினைத்தால் முதலில் கோபம்தான் வரும். ஊர் மேல் இல்லை, என் கணவர் மேல். குடியிருக்கும் வீட்டில் குளியலறை கிடையாது என்பதை, நான் போய் இறங்கும் வரை அந்த மனிதர் வாய் திறந்து சொல்லவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. கோபே துறைமுகத்தில் ஒரு வடநாட்டு சேட்டின் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் அவருக்குக் கணக்கு வேலை. கல்யாணமான மாதமே என்னைக் காரைக்குடியில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். இரண்டு வருடம் அந்த ஊரின் செக்காலைப் பகுதியில் மாமியார் வீட்டில் கிடந்தேன். மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் நான் மாமியாரையா கல்யாணம் செய்துகொண்டேன்? வருகிறவள் போகிறவள் எல்லாம் "என்னாத்தா, இன்னும் கூப்பிடலையாக்கும்?" என்று கேட்பாள். சாணி கரைத்த வாளியை அப்படியே அவள் தலையில் கவிழ்க்கலாமா என்று இருக்கும்.

ஒருவழியாகக் கூப்பிட்டார். கிளம்புகிற வாரம் மாமியாரோடு செக்காலை ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றில் உள்பாவாடைத் துணி எடுத்தேன். நல்ல அரக்குச் சிவப்பு. சாயம் போகுமா என்று கேட்டேன்.

"தங்கச்சி, துணி கிழிஞ்சு போகும், சாயம் போகாது" என்றார் கடைக்காரர்.

மாமியார்தான் பணம் கொடுத்தார். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோபேயில் வீடு என்பது மாடியில் ஓர் அறை. தரை முழுக்கத் தடித்த பாய். ஒரு மூலையில் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும். கீழே வீட்டுக்காரம்மா தனியாகக் குடியிருந்தார்.

"குளிக்கிறது எங்குட்டு?" என்றேன்.

"தெருமுனையில பொதுக் குளியல் வீடு இருக்கு. ஊரே அங்கதான் குளிக்கும்" என்றார் அவர், ஏதோ மகாமகத்துக்கு அழைத்துப் போகிற மாதிரி.

"எல்லாரும் ஒண்ணாவா?"

"ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம்."

"துணியோடதானே?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

எனக்குப் பிறந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். கண்மாயில் குளித்து வளர்ந்தவள். பாவாடையை மார்புக்கு ஏற்றி முடிச்சுப் போட்டால் கண்மாய் என்ன, கடலே வந்தாலும் அவிழாது. பெற்ற தாய்கூட எனக்கு விவரம் தெரிந்த பிறகு என்னை அப்படிப் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத ஜப்பான்காரி எதற்குப் பார்க்க வேண்டும்? போக மாட்டேன் என்றேன். சமையல் மூலையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்து அதற்குள் நின்று சொம்பால் ஊற்றிக்கொண்டேன். தொட்டிக்குள் விழுந்தது பாதி. மீதி பாயில் ஊறிக் கீழே போனது.

ஒரு வாரத்தில் வீட்டுக்காரம்மா மேலே வந்தார். கையில் நனைந்த மெத்தை. குனிந்து வணங்கினார். ஏதோ சொன்னார். மறுபடி குனிந்தார். பரவாயில்லையே, இவ்வளவு மரியாதையா என்று நானும் குனிந்தேன். அவர் போன பிறகு கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொரு சொட்டு கீழ விழுந்தா வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டுப் போறாக."

"அதையா அம்புட்டுக் குனிஞ்சு சொன்னாக?"

"இந்த ஊருல வெளிநாட்டுக்காரனுக்கு எவனும் வீடு குடுக்க மாட்டான். இது போச்சுன்னா எனக்குச் சேட்டு கிட்டங்கியில துணி மூட்டை மேல படுக்க எடம் கெடைக்கும். ஒனக்குக் கெடைக்காது. ஊருக்குத்தான் அனுப்பணும்."

மறுபடி செக்காலை. மறுபடி சாணி வாளி. அதற்கு அந்தக் குளியல் வீடே மேல் என்று முடிவு செய்தேன். ஆனால் என் வழியில்தான் குளிப்பேன் என்றும் முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை. உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்து அழுத்தித் தேய்த்து ஊறவிட்டு, சீயக்காய் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் உயரமாக ஒரு மேடை. அதில் உட்கார்ந்து காசு வாங்குகிறவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். நல்லவேளை, குளியல் வீட்டு முதலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். முதலாளி உட்கார்ந்திருந்தால் ஓடுகிற ஓட்டத்தில் காரைக்குடிக்கே வந்து நின்றிருப்பேன்.

சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு, பாவாடையை ஏற்றிக் கட்டி, தலை நிமிர்ந்து உள்ளே போனேன். சின்ன முக்காலிகளில் உட்கார்ந்து பெண்கள் உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு முக்காலியைப் பிடித்து சீயக்காயைக் குழைத்துத் தலையில் அப்பினேன். அது சேறு மாதிரி வழிந்து ஓடியது. பக்கத்தில் இருந்தவள் முக்காலியோடு நகர்ந்தாள். அடுத்தவளும் நகர்ந்தாள். நகருங்கடி, எனக்கு இடம் தாராளம் என்று தலையை அலசிவிட்டு எழுந்தேன்.

நடுவில் பெரிய வெந்நீர்த் தொட்டி. கழுத்தளவு தண்ணீரில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்கள். நானும் இறங்கினேன். பாவாடைக்குள் காற்று புகுந்து என்னைச் சுற்றிக் குடை மாதிரி எழும்பி நின்றது. இரண்டு கையாலும் அழுத்தினேன். புஸ்ஸென்று காற்று போனது. காற்றோடு சாயமும் போனது.

எனக்கு எதிரே கிடந்த கிழவிதான் முதலில் கண்ணைத் திறந்தாள். தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அந்த வயதுக்கு நான் எதிர்பார்க்காத வேகத்தில் வெளியே ஏறினாள். அதன்பின் தொட்டியில் நானும் சிவப்புத் தண்ணீரும்தான் இருந்தோம்.

மேடையில் இருந்தவள் குதித்து ஓடி வந்தாள். அவள் ஜப்பான் பாஷையில் கத்தினாள். நான் தமிழில் கத்தினேன். ஒருவர் பேசியது மற்றவருக்குப் பாக்கியில்லாமல் விளங்கியது. நடுச்சுவர் கூரை வரை போகாது. அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்த என் கணவருக்கு என் குரல் மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறது.

"ஏய், என்னடி அங்க?" என்று சுவருக்கு மேலாகக் கத்தினார்.

"ஒங்க அம்மா வாங்கிக் குடுத்த பாவாடை!" என்று நானும் கத்தினேன்.

தண்ணீரை முழுதாகத் திறந்துவிட்டு, பெண்கள் பக்கத்தை அன்றைக்கு அடைத்துவிட்டார்கள். என் கணவர் வாசலில் நின்று குனிந்த குனிவில் எனக்கே இடுப்பு வலித்தது. இனி நான் அந்தப் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டிலும் குளிக்க முடியாது, வெளியிலும் குளிக்க முடியாது. பெட்டியைக் கட்டு என்றார்.

கட்டிக்கொண்டுதான் இருந்தேன். மறுநாள் வீட்டுக்காரம்மா வந்து என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். பாசம் எல்லாம் இல்லை. இந்தப் பெண்ணுக்கு வெளியே குளிக்க வழியில்லை என்றால் மறுபடி தன் மெத்தை நனையும் என்று அவருக்குப் பயம், அவ்வளவுதான். மேடையில் இருந்தவள் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் குறுக்கே வைத்து மறித்தாள். வீட்டுக்காரம்மா நெடுநேரம் பேசினார். பிறகு திரும்பி என் சேலையை அவிழ்க்க வைத்து, மிச்சமிருந்த பாவாடையையும் சுட்டிக்காட்டி, கீழே போடு என்பதுபோல் விரலை ஆட்டினார்.

இருவரும் காத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "பாத்துக்கங்கடி! நல்லாப் பாத்துக்கங்க!" என்று முடிச்சை அவிழ்த்து வீசிவிட்டு உள்ளே போனேன்.

ஒருத்தி பார்க்க வேண்டுமே! ஒவ்வொருத்தியும் கைக்குட்டை அகலத்தில் ஒரு துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு, அவளவள் முழங்காலைத் தேய்ப்பதில் மும்முரமாக இருந்தாள். கட்டிக் காத்ததற்கு இவ்வளவுதானா மதிப்பு என்று எனக்குக் கொஞ்சம் சப்பென்றுகூடப் போய்விட்டது. வீட்டுக்காரம்மா பாத்திரம் விளக்குகிற மாதிரி என் முதுகைத் தேய்த்துவிட்டார். தொட்டியில் இறங்கினேன். வெளியே பனி. உள்ளே கழுத்து வரை வெந்நீர். பெட்டியைப் பிரித்து அடுக்கச் சொல்லி அன்றைக்கே கணவரிடம் சொல்லிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து லீவில் காரைக்குடி வந்தோம். வந்த நாளிலிருந்து மாமியார் ஒரே பாட்டு. "அவன் போகட்டும், நீ இங்கனயே இரு. அந்த ஊரு எப்படிப்பட்ட ஊரோ!" அந்த ஊரைப் பற்றி ஒரு குறை கிடைத்தால் போதும், என்னைப் பிடித்து வைத்துக்கொள்வார். நானும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் செக்காலை ரோட்டில் மாமியாரோடு போகும்போது அந்த ஜவுளிக்கடை கண்ணில் பட்டுவிட்டது. என்னால் சும்மா வர முடியவில்லை.

"வாங்கக்கா, வா தங்கச்சி. என்ன, கோவமா வாரீக?"

"சாயம் போகாதுன்னீகளே! ஜப்பான்ல ஒரு தொட்டித் தண்ணியும் செவந்து போச்சு. தொட்டியில கெடந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் அலறி ஓடிட்டாக!"

"எந்தத் தண்ணியில போட்டீக?"

"வெந்நியில."

"பாத்தீகளா! நான் பச்சத் தண்ணிக்குத்தான் சொன்னேன். பாவாடைய வேக வைப்பீகன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றவர், துணி மடிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். "ஒங்க பாவாடை போச்சு, சரி. தொட்டியில இருந்த மத்தவுக பாவாடையெல்லாம் சாயம் போகலையா?"

துணி கிழித்துக்கொண்டிருந்தவர் கத்தரியைத் தூக்கியபடி நின்றார். மாமியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அங்க எல்லாம் ஒசத்தித் துணி" என்றேன்.

மாமியார் கடையை விட்டு இறங்கி முன்னால் நடந்தார். முடிந்தது, என் பெட்டி இங்கேதான் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். வீட்டு வாசலில் நின்று, சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஏத்தா, அந்த வெந்நி இடுப்பு வரைக்கும் வருமா, கழுத்து வரைக்கும் வருமா?"

"கழுத்து வரைக்கும் அயித்தை."

"தெனமுமா?"

"தெனமும்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டே படி ஏறினார். "எனக்கு இந்த இடுப்பு வலியோட ஒரு நாளாச்சும் அப்படிக் கெடக்கக் குடுத்து வைக்கல. போயித் தொலை. துணி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, எவன் பாக்கப் போறான்?" என்றார்.

தன் காசில் வாங்கிக் கொடுத்த பாவாடையைப் பற்றி அவர் கடைசி வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.